நீறு பூத்த நெருப்பு: விழா முடிந்த பிறகு நடக்கும் விபத்துகளைப் பற்றிப் பேசலாமா?

வேப்பம்பூ | சனி, இரவு 9.12

எல்லோருக்கும் வணக்கம். கொண்டாட்ட நாட்கள் நெருங்குகின்றன. தீ மூட்டுவதும் பட்டாசு வெடிப்பதும் எங்கும் இருக்கும். அதற்கு முன்னால் ஒரு விஷயத்தை எழுதிவிட வேண்டும் என்று பல நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன வருடம் வீட்டுக்குப் பின்னால் இருந்த காலி நிலத்தில் விறகு அடுக்கித் தீ மூட்டினோம். இருபது பேர் இருப்போம். நான்கு வாளித் தண்ணீர் வைத்திருந்தோம். குழந்தைகள் நெருங்காமல் இருக்கக் கயிறு கட்டியிருந்தோம். யார் மேலும் ஒரு பொறிகூடப் படவில்லை. பதினொரு மணி வாக்கில் தீ தணிந்ததும் என் தம்பி மண்வெட்டியால் மணலை வாரிப் போட்டு மூடினான். "அணைஞ்சாச்சு" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போனோம். வாளித் தண்ணீர் அப்படியே இருந்தது.

மறுநாள் காலை ஏழு மணிக்கு என் தங்கை மகன் வெறுங்காலோடு அந்த மணல்மேட்டில் ஏறினான். நான்கு வயது. நான் பத்தடி தள்ளி நின்று பல் துலக்கிக்கொண்டிருந்தேன். அவன் முதலில் அழவேயில்லை. அப்படியே நின்றான், முகம் மட்டும் மாறியது. அந்த வயதுக் குழந்தைக்குச் சூடு பட்டால் குதித்து வெளியே வரத் தெரிவதில்லை, இன்னொரு காலையும் ஊன்றிவிடுகிறது. மேலே மணல் பார்க்கச் சாதாரண மணல்தான். கால் புதைந்த ஒரு சாண் ஆழத்தில் கங்கு கனன்றுகொண்டிருந்தது.

இரண்டு உள்ளங்காலும் வெந்துபோயின. ஆறு வாரம் தூக்கிக்கொண்டுதான் திரிந்தோம். இப்போது ஓடுகிறான், ஆனால் இடது காலில் தோல் இழுத்துப் பிடிக்கிறது.

தீ எரியும் நேரத்துக்கு எல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்தோம். அணைந்த பிறகு என்ன என்று ஒருவரும் யோசிக்கவில்லை. பாதுகாப்பு என்றாலே பற்ற வைக்கும்போது என்ன செய்வது என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். அதற்குப் பிறகு நடப்பதைப் பற்றி விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.


பழைய_சீருடை | சனி, இரவு 9.50

தங்கச்சி, படித்ததும் மனம் கனத்துப் போய்விட்டது. நான் தீயணைப்புத் துறையில் 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நீங்கள் சொன்ன விபத்தை என் பணிக்காலத்தில் பலமுறை பார்த்திருக்கிறேன். அநேகமாக எல்லாமே காலையில்தான், அநேகமாக எல்லாமே குழந்தைகள்தான்.

மணல் போட்டால் சுடர் அணையும், அது உண்மை. காற்று போகாது அல்லவா? ஆனால் சூடு எங்கே போகும்? மணலும் சாம்பலும் கங்குக்குப் போர்வை மாதிரி. உள்ளே இருக்கும் வெப்பத்தை வெளியே விடாது. திறந்து கிடக்கும் கங்கு காற்றுப் பட்டு எரிந்து முடிந்துவிடும். மூடிய கங்கு மெதுவாக, மிக மெதுவாக, விடிய விடியக் கனலும். நீறு பூத்த நெருப்பு என்று நம் பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை. மணல் போட்டதில் இன்னொரு கேடும் இருக்கிறது: ஆபத்து இருக்கும் இடமே கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது. சாம்பலைப் பார்த்தால் குழந்தைகூடக் கொஞ்சம் தயங்கும். மணலைப் பார்த்தால் விளையாடத்தான் தோன்றும்.

நாங்கள் செய்யும் முறை இது. முதலில் தண்ணீர். எரியாத கட்டைகளைக் கொக்கியாலோ நீண்ட கம்பாலோ பிரித்துப் பரப்புங்கள். கட்டையைப் புரட்டி அடிப்பக்கத்திலும் ஊற்றுங்கள், கங்கு அங்கேதான் ஒட்டிக்கொண்டிருக்கும். பிறகு மண்வெட்டியால் சாம்பலும் தண்ணீரும் கூழாகும்வரை கிளறுங்கள். மறுபடி தண்ணீர். சீறும் சத்தம் நிற்கும்வரை இதுதான் வேலை. கடைசியில் புறங்கையைச் சாம்பலுக்கு நெருக்கமாகக் கொண்டுபோய்ப் பாருங்கள். அனல் அடித்தால் மறுபடியும் தண்ணீர். அனல் இல்லை என்றால் தொட்டுப் பாருங்கள். தொட முடியாத அளவு சூடு இருந்தால் அந்த இடத்தை விட்டுப் போகக் கூடாது. உள்ளங்கை வேண்டாம், புறங்கைத் தோல் மெலிது என்பதால் சூட்டைச் சீக்கிரம் உணரும், தவறிப் பட்டாலும் பிடிக்க உதவும் கை தப்பும்.

தரையில் வேர்கள் இருந்தால், காய்ந்த இலைமக்கு தடிமனாக இருந்தால், அங்கே மூட்டவே மூட்டாதீர்கள். வேர் வழியாகத் தீ மண்ணுக்குள் நகர்ந்து போய், சில நாள் கழித்து வேறு இடத்தில் தலைகாட்டும். பார்த்திருக்கிறேன்.


தென்றல்77 | சனி, இரவு 10.21

அக்கா, குழந்தை விஷயம் கேட்டு ரொம்ப வருத்தமாக இருக்கிறது. ஆனால் ஒரு சந்தேகம். நாங்கள் சின்ன வயதிலிருந்து மண் போட்டுத்தான் மூடுகிறோம். தண்ணீர் ஊற்றினால் ஆவி மூஞ்சியில் அடிக்கும் என்று என் அப்பா திட்டுவார். எங்கள் சித்தப்பாவுக்கு அப்படி முழங்கையில் வெந்தும் போயிருக்கிறது. எது சரி?


பழைய_சீருடை | சனி, இரவு 10.40

தம்பி, உங்கள் அப்பா பயந்ததில் நியாயம் இருக்கிறது. கொதிக்கும் கங்கு மேல் ஒரு வாளியைக் கவிழ்த்தால் ஆவி, சாம்பல், கங்குத் துண்டு எல்லாம் சேர்ந்து எழும்பும். அதனால் கவிழ்க்காதீர்கள், தெளியுங்கள். செடிக்கு ஊற்றும் பூவாளி இருந்தால் அருமை, குவளையால் விசிறினாலும் போதும். காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வர வேண்டும். ஓரத்தில் ஆரம்பித்து நடுவுக்குப் போங்கள். குனிந்து பார்க்காதீர்கள். முதல் ஐந்து நிமிடம் இப்படிப் போனால் அதற்கப்புறம் ஆவி அடங்கிவிடும், தாராளமாக ஊற்றலாம்.

மண்ணே கூடாது என்று சொல்லவில்லை. தண்ணீர் பக்கத்தில் இல்லாத இடத்தில் ஈர மண்ணைக் கலந்து கிளறலாம். கிளறிக் கலக்க வேண்டும், மூடிப் புதைக்கக் கூடாது.

இதோடு இன்னொன்று. ஆற்றுக் கல்லை வட்டமாக அடுக்கி நடுவில் தீ மூட்டுவார்கள், பார்க்க அழகாக இருக்கும். தண்ணீரில் கிடந்த கல்லுக்குள் ஈரம் ஊறியிருக்கும். சூடேறினால் அந்த ஈரம் ஆவியாகிக் கல் வெடித்துச் சிதறும். உலர்ந்த இடத்துக் கல்லாகப் பார்த்து எடுங்கள்.


மாடிவீடு | சனி, இரவு 11.05

எங்கள் வீட்டில் நடந்தது இதைவிடச் சின்னது. ஆனால் அதே மாதிரிதான். கம்பி மத்தாப்பு எரிந்து முடிந்ததும் பெண் அதை மாடித் தரையில் போட்டுவிட்டு அடுத்ததை எடுக்க ஓடினாள். பின்னாலேயே வந்த என் மாமியார் அதை மிதித்துவிட்டார். கம்பி கறுப்பாகத்தான் இருந்தது, சிவப்பு இல்லை, புகை இல்லை. காலில் நீளமாக ஒரு கோடு மாதிரி கொப்புளம். அவருக்குச் சர்க்கரை நோய் வேறு. அந்தப் புண் ஆற மூன்று மாதம் ஆனது.

மத்தாப்புதானே, குழந்தைகளுக்கானது என்று நினைத்தோம்.


கரும்பலகை | ஞாயிறு, காலை 6.30

வேதியியல் ஆசிரியர் என்ற முறையில் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், மாணவர்களிடமும் வருடா வருடம் சொல்வதுதான்.

கம்பி மத்தாப்பின் சூடு ஆயிரம் டிகிரி செல்சியஸைத் தாண்டும். வெள்ளி 962 டிகிரியில் உருகிவிடும் என்பதை நினைத்துப் பாருங்கள். அப்படியானால் அந்தப் பொறிகள் கையில் படும்போது ஏன் சுடுவதில்லை? ஒவ்வொரு பொறியும் கண்ணுக்குத் தெரியாத அளவு சின்ன உலோகத் துகள். சூடு அதிகம், ஆனால் அந்தத் துகளுக்குள் இருக்கும் வெப்பத்தின் அளவு மிகக் குறைவு, தோலைத் தொடுவதற்குள் ஆறிவிடும். கம்பி அப்படி இல்லை. அது கனமானது, வெப்பத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பொறி சுடவில்லையே என்ற நம்பிக்கையில்தான் குழந்தை கம்பியையும் பிடிக்கிறது. மாடிவீடு சொன்ன மாதிரி, சிவப்பு மறைந்த பிறகும் கம்பி தோலைப் பொசுக்கும் சூட்டில் பல நிமிடம் இருக்கும்.

ஆகவே மத்தாப்பு கொளுத்தும் இடத்தில் ஒரு வாளித் தண்ணீர், அல்லது ஈர மணல் நிரப்பிய வாளி. எரிந்து முடிந்த கம்பி, எரிந்த பக்கம் கீழே இருக்கும்படி நேராக அதற்குள் போக வேண்டும். வாளிக்குள் போடும்வரை அடுத்த மத்தாப்பு கிடையாது என்று ஒரே ஒரு விதி வைத்தால் போதும். குழந்தைகள் இதை ஒரு விளையாட்டு மாதிரி எடுத்துக்கொள்வார்கள். ஐந்து வயதுக்குக் கீழே இருப்பவர்கள் கையில் கொடுக்கவே வேண்டாம். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மத்தாப்பு பிடிப்பதும் வேண்டாம். குழந்தை எட்டிப் பிடித்துவிடும்.

இன்னொரு உண்மையும் பலருக்குத் தெரியாது. விறகு எரியக் காற்றிலிருந்து ஆக்சிஜன் வேண்டும். பட்டாசுக்கும் மத்தாப்புக்கும் வேண்டாம். அவற்றுக்குள்ளேயே நைட்ரேட் போன்ற ஆக்சிஜன் தரும் உப்பு கலந்திருக்கிறது. எரியும் மத்தாப்பைத் துணி போட்டு மூடினால் அணையாது, உள்ளேயே எரியும், துணியும் பற்றும். பத்து மத்தாப்பைச் சேர்த்துக் கட்டிக் கொளுத்தினால் அது மத்தாப்பாக எரியாது, வெடிக்கும். விளையாட்டாகக்கூடச் செய்யாதீர்கள்.


தென்றல்77 | ஞாயிறு, காலை 7.15

சார், வெடிக்காமல் போன வெடியைப் பற்றியும் சொல்லுங்கள். நாங்கள் பொதுவாக ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு மறுபடி திரியைப் பற்றவைப்போம்.


கரும்பலகை | ஞாயிறு, காலை 7.58

தம்பி, தயவுசெய்து அதை இன்றோடு விட்டுவிடுங்கள்.

திரி என்பது மருந்து பூசிய நூல். வெளியே திறந்து இருக்கும்போது நிதானமாக எரியும். நீங்கள் எட்டி ஓட அதுதான் நேரம் கொடுக்கிறது. அதே திரியைக் காகிதக் குழலுக்குள் வைத்தால் சுடுவாயு முன்னே பாய்ந்து கண்ணிமைக்கும் நேரத்தில் மறுமுனைக்குப் போய்விடும். வாணவேடிக்கைக்காரர்கள் இதை வேண்டுமென்றே பயன்படுத்துகிறார்கள். இப்போது உங்கள் வெடியைப் பாருங்கள். வெளியே இருந்த திரி எரிந்து முடிந்துவிட்டது. மிச்சம் உள்ளே இருக்கும் அரை அங்குலம். அது நனைந்திருக்கிறதா, பாதி எரிந்திருக்கிறதா, இன்னும் கனல்கிறதா என்று வெளியிலிருந்து ஒருவராலும் சொல்ல முடியாது. நீங்கள் மறுபடி கொளுத்தினால் ஓடுவதற்கு உங்களுக்கு நேரமே இருக்காது. கொளுத்தாமல் எட்டிப் பார்த்தாலே போதும், முகம் அதற்கு நேராக இருக்கும்.

குறைந்தது அரை மணி நேரம் யாரும் பக்கத்தில் போகக் கூடாது. அப்புறம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, கையை நீட்டி, தூரத்திலிருந்து தண்ணீர் ஊற்றி நனைக்க வேண்டும். பிறகு நீண்ட கம்பால் தள்ளி வாளித் தண்ணீருக்குள். இரவு முழுக்க ஊறட்டும். அதன் பிறகே குப்பைக்கு. எரிகிற தீக்குள் தூக்கிப் போடும் பழக்கம் சிலருக்கு உண்டு. அது சுற்றி நிற்பவர்கள் முகத்தில் கங்கை அள்ளி வீசுவதற்குச் சமம்.

புஸ்வாணத்துக்கும் இதே கதைதான். பூக்காமல் அடங்கிவிட்டால் குனிந்து பார்ப்பார்கள், கண்ணைத்தான் காவு வாங்கும். ஒரு மலிவான பாதுகாப்புக் கண்ணாடி, பள்ளி ஆய்வகத்தில் போடுவது மாதிரி, கொளுத்துபவர் போட்டுக்கொண்டால் என் மனம் நிம்மதியாகும்.


மாடிவீடு | ஞாயிறு, காலை 8.20

அரை மணி நேரமா? நாங்கள் அரை நிமிடம்கூடப் பார்த்ததில்லை. வீட்டில் எல்லோருக்கும் காட்டிவிட்டேன்.


இரவுப்பணி | ஞாயிறு, மதியம் 1.34

தீக்காயப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். இரவுப் பணி முடிந்து இப்போதுதான் முழு இழையையும் படித்தேன். வேப்பம்பூ அக்கா, குழந்தையின் காலில் என்ன போட்டீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அதைத் தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.


வேப்பம்பூ | ஞாயிறு, மதியம் 2.02

கேட்டது நல்லதுதான் தங்கை. பற்பசை. கையில் அதுதான் இருந்தது. அப்படியே பிதுக்கித் தடவினேன். மருத்துவமனையில் அதைச் சுரண்டி எடுக்கும்போது குழந்தை போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.


இரவுப்பணி | ஞாயிறு, மதியம் 2.47

அக்கா, அந்தப் பதற்றத்தில் யாரும் அதைத்தான் செய்வார்கள். உங்களை நீங்கள் நொந்துகொள்ள வேண்டாம். மற்றவர்களுக்காகத் தெளிவாக எழுதிவிடுகிறேன்.

சூடு பட்டால் குழாயைத் திறந்து, ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். கடிகாரத்தைப் பார்த்து 20 நிமிடம். பெரும்பாலானவர்கள் இரண்டு நிமிடத்தில் எடுத்துவிடுகிறார்கள், எரிச்சல் குறைந்ததும் போதும் என்று தோன்றும். நெருப்பிலிருந்து கையை எடுத்த பிறகும் தோலுக்குள் இறங்கிய வெப்பம் அங்கேயே இருந்துகொண்டு கீழே உள்ள அடுக்குகளைச் சேதப்படுத்திக்கொண்டே போகும். அதைத் தண்ணீர்தான் வெளியே இழுக்கும். பட்டவுடன் செய்ய முடியாவிட்டாலும் மூன்று மணி நேரத்துக்குள் செய்தால்கூடப் பலன் உண்டு. ஆகவே "லேட் ஆகிவிட்டதே" என்று விட்டுவிடாதீர்கள்.

ஐஸ் வைக்கக் கூடாது. அது ரத்த நாளங்களைச் சுருக்கி, ஏற்கெனவே அடிபட்ட தோலை மேலும் கெடுக்கும். பற்பசை, வெண்ணெய், எண்ணெய், மை, மாவு எதுவும் வேண்டாம். இவை சூட்டை உள்ளே அடைத்து வைக்கும், கிருமியைக் கொண்டு வரும், காயம் எவ்வளவு ஆழம் என்று மருத்துவர் பார்க்க முடியாமல் செய்யும். கொப்புளத்தை உடைக்காதீர்கள்.

தண்ணீரில் காட்டும்போதே மோதிரம், வளையல், கொலுசு, கடிகாரத்தைக் கழற்றிவிடுங்கள். சிறிது நேரத்தில் வீங்கிவிடும், அப்புறம் வெட்டித்தான் எடுக்க வேண்டும். துணி தோலோடு ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள், ஒட்டாததை மட்டும் அகற்றுங்கள். காயத்தைக் குளிர்விக்கும்போது உடம்பின் மற்ற பகுதிகளைப் போர்வையால் மூடி வையுங்கள். சின்னக் குழந்தைகள் சீக்கிரம் குளிர்ந்துபோவார்கள். பிறகு சமையலறையில் இருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் உறையை நீளவாக்கில் மேலே பரப்புங்கள், இறுக்கிச் சுற்ற வேண்டாம். அது ஒட்டாது, காற்றுப் பட்டு எரியாமலும் இருக்கும்.

முகம், கை, பாதம், மூட்டு, பிறப்புறுப்பு ஆகிய இடங்களில் பட்டிருந்தால் அளவு எவ்வளவு சின்னதாக இருந்தாலும் மருத்துவமனைக்குப் போங்கள். காயம் பட்டவரின் உள்ளங்கையைவிடப் பெரிதாக இருந்தாலும் அப்படியே. வெளுத்தோ கருகியோ இருந்து வலியே இல்லை என்றால், "வலிக்கவில்லை, பரவாயில்லை" என்று இருந்துவிடாதீர்கள். நரம்பு முனைகள் வெந்துபோனதால் வலி தெரியாமல் இருக்கலாம். இதை நம்பி வீட்டில் இருந்துவிட்டு மூன்றாம் நாள் வருகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு அழுகை வரும்.

கண்ணில் பட்டால் கசக்காதீர்கள், அழுத்தாதீர்கள், குத்தியிருப்பதைப் பிடுங்காதீர்கள். ஒரு காகிதக் குவளையைக் கண் மேல் படாமல் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு உடனே கண் மருத்துவரிடம் போங்கள்.


கரையோரம் | ஞாயிறு, மாலை 5.10

கைகளுக்குச் சானிடைசர் பற்றியும் சொல்லுங்கள் தங்கை. எங்கள் அலுவலக விழாவில் ஒருவர் கையில் தேய்த்த கையோடு லைட்டரைப் பற்றவைத்தார். தீ எங்களுக்குத் தெரியவே இல்லை, அவர் கையை உதறுவதைப் பார்த்துத்தான் புரிந்தது.


இரவுப்பணி | ஞாயிறு, மாலை 5.31

ஆமாம், அதில் இருப்பது ஆல்கஹால். அது நன்றாக உலர்ந்த பிறகுதான் தீக்குச்சி, லைட்டர் எல்லாம். அந்தச் சுடர் வெளிர் நீலம், வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. பட்டாசு கொளுத்தும் நாளில் சோப்பும் தண்ணீரும் போதும்.

உடைக்குத் தீப்பிடித்தால் ஓடக் கூடாது என்பதையும் குழந்தைகளுக்கு இப்போதே செய்துகாட்டிப் பழக்குங்கள். நில், படு, உருள். முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு உருள வேண்டும். பாடமாகச் சொன்னால் அந்த நேரத்தில் நினைவுக்கு வராது. பாய் விரித்து நாலு முறை உருண்டு காட்டுங்கள், உடம்பு ஞாபகம் வைத்துக்கொள்ளும்.


கரையோரம் | ஞாயிறு, மாலை 6.45

பழைய சீருடை ஐயாவுக்கு ஒரு கேள்வி. எங்கள் குடியிருப்பில் இந்த முறை 60 பேருக்குப் பொதுவாக ஒரே தீ மூட்டலாம் என்று இருக்கிறோம். இளைஞர்கள் ஒரு மாடி உயரத்துக்கு அடுக்க வேண்டும் என்கிறார்கள். விறகு கொஞ்சம் ஈரம், அதனால் பெட்ரோல் ஊற்றித் தொடங்கலாம் என்றும் பேச்சு இருக்கிறது. நான் ஏற்பாட்டாளர்களில் ஒருவன். என்ன சொல்லிப் புரியவைப்பது?


பழைய_சீருடை | ஞாயிறு, இரவு 8.20

தம்பி, கேட்டீர்களே, அதுவே பெரிய காரியம்.

பெட்ரோலை முதலில் முடிக்கிறேன். எரிவது பெட்ரோல் திரவம் இல்லை, அதன் ஆவி. மைனஸ் 40 டிகிரிக் குளிரிலும் தீப்பிடிக்கும் அளவு ஆவி அதிலிருந்து கிளம்பும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது, தண்ணீர் மாதிரி தரையோடு தரையாகப் பரவி, பள்ளத்தில் தேங்கி, உங்கள் காலடிக்கே வந்து நிற்கும். ஊற்றிவிட்டுத் தீக்குச்சியைத் தேடும் அந்த ஒரு நிமிடத்தில் விறகைச் சுற்றிப் பல அடி தூரத்துக்குக் கண்ணுக்குத் தெரியாத எரிபொருள் நிற்கிறது. குச்சியை உரசியதும் தீ உங்களிடம் வரும். எரிந்துகொண்டிருக்கும் தீயில் கேனிலிருந்து ஊற்றினால் தீ கேனுக்குள் ஏறும். மண்ணெண்ணெய்யும் டீசலும் கொஞ்சம் சாது என்று நினைப்பார்கள். சூடான கங்கு மேல் விழுந்தால் அவையும் ஆவியாகித் திடீரென்று பற்றும். ஈர விறகு வேண்டாம், உலர்ந்த சுள்ளியும் காகிதமும் வைத்து அடியிலிருந்து நிதானமாகப் பற்ற வையுங்கள். எரியவில்லை என்றால் எரியவில்லை. பெட்ரோல் வந்தால் நான் வரமாட்டேன் என்று சொல்லிவிடுங்கள்.

உயரம். அமெரிக்காவின் டெக்சாஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் அப்போதெல்லாம் வருடா வருடம் மாபெரும் தீ மூட்டத்துக்குக் கட்டைகளைக் கோபுரமாக அடுக்கிவந்தார்கள். 1999 நவம்பர் 18 அதிகாலையில், அடுக்கிக்கொண்டிருக்கும்போதே அது சரிந்தது. 12 பேர் இறந்தார்கள், 27 பேர் காயம். அதில் ஒரு பொறி தீகூட இல்லை. எரியும் குவியல் இன்னும் மோசம், அடிக்கட்டை எரிந்து பலம் இழக்க இழக்க எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல முடியாது. என் அளவு இது: எந்தக் குவியலும் ஓர் ஆள் உயரத்துக்கு மேல் வேண்டாம். எவ்வளவு உயரமோ அதைப் போல இரண்டு மடங்காவது தள்ளித்தான் கூட்டம் நிற்க வேண்டும். கட்டடம், மரம், வேலி, மின்கம்பி எதுவாக இருந்தாலும் 18 மீட்டர் தள்ளி. நேர் மேலேயும் பாருங்கள், பலர் பார்ப்பதில்லை. காற்று பலமாக இருந்தால் அன்றைக்கு இல்லை.

குவியலில் போடக் கூடாதவை: டயர், பிளாஸ்டிக், வண்ணம் பூசிய அல்லது பூச்சிமருந்து ஏற்றிய மரம், பேட்டரி, மூடிய டப்பா, வாசனைத் தெளிப்பான். மூடிய டப்பா வெடிக்கும். டயர் பிடித்துவிட்டால் அணைப்பது எங்களுக்கே சிரமம்.

அப்புறம் ஒரு பெயர் வையுங்கள். கடைசியில் அணைப்பது யார்? "எல்லோரும் பார்த்துக்கொள்வோம்" என்றால் ஒருவரும் பார்க்கமாட்டார்கள். மது அருந்தாத இருவர், கடைசிவரை இருக்கக்கூடியவர்கள், இப்போதே தீர்மானியுங்கள்.


நாலுகால் | ஞாயிறு, இரவு 9.03

விறகு அடுக்குவது பற்றி ஒரு வேண்டுகோள். இரண்டு மூன்று நாள் முன்னாலேயே அடுக்கி வைத்தால் அது சின்ன உயிர்களுக்கு வீடாகிவிடும். பூனை குட்டி போட்டிருக்கும், ஓணான், தேரை, பாம்பு எல்லாம் புகுந்திருக்கும். அடுக்குவதை அன்றைக்கே செய்யுங்கள். முடியாவிட்டால் பற்ற வைக்கும் முன் இடத்தை மாற்றி அடுக்குங்கள். அதுவும் முடியாவிட்டால் டார்ச் அடித்துப் பார்த்து, ஒரே ஒரு பக்கத்தில் மட்டும் பற்ற வையுங்கள். மறுபக்கம் தப்பிக்க வழி இருக்கும். நான் ஒருமுறை குவியலுக்குள் காதை வைத்துக் கேட்டபோது மெல்லிய "மியாவ்" கேட்டது. மூன்று குட்டிகள், கண் திறக்காதவை. அதிலிருந்து ஒவ்வொரு முறையும் காதை வைத்துவிட்டுத்தான் மறுவேலை.

நாய்களுக்கு நம்மைவிட இரண்டு மடங்கு உயர்ந்த அலைவரிசை வரை கேட்கும். வெடிச் சத்தம் அவற்றுக்கு என்னவாக இருக்கும் என்று யோசியுங்கள். இருட்டும் முன்பே வெளியே கூட்டிக்கொண்டு போய் வந்துவிடுங்கள். ஜன்னலை மூடி, திரை போட்டு, தண்ணீர் வையுங்கள். கட்டிலுக்கு அடியில் போய்ப் பதுங்கினால் இழுக்காதீர்கள், அதற்கு அதுதான் பாதுகாப்பு. வெளியே சங்கிலியில் கட்டிப் போடவே கூடாது, பயத்தில் இழுத்துக் கழுத்தை இறுக்கிக்கொள்ளும்.


தென்றல்77 | ஞாயிறு, இரவு 9.40

ஐயா, மழை வந்தால் வீட்டுக்குள்ளேயே மத்தாப்பு கொளுத்தலாமா? ஹால் பெரிதுதான். கேக் மேல் வைக்கும் சின்ன மத்தாப்பு மாதிரி.


பழைய_சீருடை | ஞாயிறு, இரவு 10.15

கூடாது தம்பி. காரணம் சொல்கிறேன்.

2001 பிறந்த இரவு, நெதர்லாந்தில் வோலன்டாம் என்ற ஊர். ஒரு விடுதியில் இளைஞர்கள் புத்தாண்டு கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். நள்ளிரவு தாண்டிய சற்று நேரத்தில் கம்பி மத்தாப்புப் பொறி மேற்கூரையில் அலங்காரமாகத் தொங்கவிட்டிருந்த காய்ந்த கிளைகளில் பட்டது. 14 பேர் இறந்தார்கள், எல்லோரும் சின்ன வயது. பிரேசிலில் சாந்தா மரியா நகரத்தில் 2013 ஜனவரியில் ஓர் இரவு விடுதி, மேடையில் கொளுத்திய வாணத்தின் பொறி கூரையில் ஒட்டியிருந்த ஸ்பாஞ்சில் பிடித்தது. 242 பேர். பெரும்பாலும் புகையால்.

வீட்டுக்குள் திரைச்சீலை, காகிதத் தோரணம், சோபா ஸ்பாஞ்ச் எல்லாம் இருக்கிறது. அவை எரிந்தால் அறை நிரம்பப் புகை வர ஓரிரு நிமிடம் போதும். மழை பெய்தால் நாளைக்குக் கொளுத்துங்கள்.

இன்னொன்றும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தீ தணிந்த பிறகு கங்கை ஒரு சட்டியில் அள்ளிக் குளிருக்கு இதமாக அறைக்குள்ளோ கூடாரத்துக்குள்ளோ கொண்டுபோய் வைப்பார்கள். புகை இல்லையே, என்ன ஆகப்போகிறது என்பார்கள். கங்கிலிருந்து கார்பன் மோனாக்சைடு வரும். நிறம் கிடையாது, வாசனை கிடையாது, மூச்சும் திணறாது. தலை வலிக்கும், தூக்கம் வரும், தூங்கினால் எழமாட்டார்கள். தங்கச்சி ஆரம்பத்தில் சொன்ன "அணைந்த பிறகு" என்பதில் உயிரைக் கொண்டுபோவது இதுதான்.


மாடிவீடு | ஞாயிறு, இரவு 10.50

சாம்பலை என்ன செய்வது ஐயா? எங்கள் வீட்டில் காலையில் பிளாஸ்டிக் குப்பைத்தொட்டியில் அள்ளிப் போடுவோம்.


பழைய_சீருடை | ஞாயிறு, இரவு 11.02

வேண்டாம். உலோகத் தொட்டி, மூடியோடு. சுவரிலிருந்தும் வண்டியிலிருந்தும் தள்ளி, வெறும் தரையில். நனைத்துவிட்டு இரண்டு மூன்று நாள் அப்படியே விடுங்கள். அட்டைப் பெட்டியில் அள்ளி வைத்து, நடுராத்திரி வாசல் கதவு பற்றிய வீடுகளுக்கு நான் போயிருக்கிறேன்.


கரையோரம் | அடுத்த ஞாயிறு, காலை 7.20

எங்கள் விழா நேற்று முடிந்தது. மூன்று சிறிய குவியல்களாகப் பிரித்துவிட்டோம், கூட்டமும் பிரிந்து நின்றது, சமாளிக்க எளிதாக இருந்தது. பெட்ரோல் வரவில்லை. ஒரு வெடி மட்டும் வெடிக்கவில்லை. சுற்றி நாற்காலி போட்டு மறித்து அரை மணி நேரம் ஒருவர் காவல் நின்றார்.


வேப்பம்பூ | அடுத்த ஞாயிறு, காலை 8.05

நாங்களும் நேற்று இரவு மூட்டினோம். வேண்டாம் என்றுதான் இருந்தேன், குழந்தை கேட்டான். பூவாளியில் தண்ணீர் தெளித்து, கட்டைகளைப் புரட்டி, கிளறி, மறுபடி ஊற்றி, என் தம்பி முக்கால் மணி நேரம் அதிலேயே நின்றான். புறங்கையால் இருவரும் தொட்டுப் பார்த்தோம், ஜில்லென்று இருந்தது. அப்படியும் மனம் கேட்காமல் சுற்றிலும் கயிற்றைக் கட்டி வைத்தோம்.

காலை ஆறு மணிக்குச் செருப்புப் போட்டுக்கொண்டு போனேன். முழுக்கக் கறுப்புச் சேறு. ஒரு பெரிய கட்டை மட்டும் பாதி மண்ணில் புதைந்து கிடந்தது. அதைப் புரட்டிவிட்டுப் புறங்கையைக் கொண்டுபோனேன். லேசாக அனல். ஒரு குவளை ஊற்றினேன். ஸ்ஸ் என்று சத்தம் வந்தது. உள்ளே போய் இரண்டு வாளி நிரப்பிக்கொண்டு வந்தேன்.